நாலு லிட்டர்

பதினேழு மாடி.
லிப்ட் நன்றாகத்தான் ஓடுகிறது.
காலை ஐந்தரைக்குப் படியேறும் என்னை
பாயான் லெப்பாஸ் இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள்
ஒரு கணம் பார்க்கிறார்கள்,
பிறகு கதவு மூடிக்கொள்கிறது.

முதுகுப் பையில் அரிசி மூட்டை.
திங்களன்று பத்துக் கிலோ.
வியாழனுக்குள் ஏழரை.
வாரம்தோறும் எடையைக் கூட்டு என்கிறது பயிற்சித் தாள்.
வீட்டில் உலை வைத்துவிடுகிறார்கள்.
"மலை உனக்கு, பசி எங்களுக்கு"
என்கிறான் தம்பி, வாய் நிறையச் சோற்றோடு.

ஞாயிறுகளில் மூன் கேட்டில் கூடுகிறோம், பதினோரு பேர்.
ஹுய் லிங் புது பூட்ஸைப் பழக்க
அதோடேயே தூங்கி எழுந்து வருகிறாள்.
ரோஸ்னா இரண்டு கைத்தடிகளையும்
குடை மாதிரி அக்குளில் இடுக்கியிருக்கிறாள்,
ஊன்றினால் வயசு தெரியுமாம்.
மூச்சு முட்டும்போதெல்லாம் சற்குணன்
நிதி எவ்வளவு சேர்ந்தது என்று அறிவிப்பார்.
எல்லோரும் நின்று கேட்போம்.
நிற்பதற்கு அது மரியாதையான காரணம்.

இரண்டு டயாலிசிஸ் இயந்திரம். அதற்குத்தான் நேபாளம்.
நாலாயிரத்து நூற்று முப்பது மீட்டர்:
இந்தக் கொடிமலையை ஒன்றன்மேல் ஒன்றாய்
ஐந்து அடுக்கினால் கிட்டத்தட்ட வரும்.
அங்கே குளிராம்.
ஏர்கோனைப் பதினாறில் வைத்து
உறக்கப் பைக்குள் படுத்துப் பார்த்தேன்.
குளிரை இப்படி வாங்கிக்கொள்ளலாம்.
காற்று குறைவதை எங்கே பழகுவது?
கடலோரத் தீவில்
அது எல்லோருக்கும் தாராளம்
என்றுதான் நினைத்திருந்தேன்,
சீனப் பெருநாள் விடுமுறையில் ஒரு முறை தவறவிட்டு
மூன்றாம் நாற்காலி நாகரத்தினம் வந்து சேர்ந்த
அந்த இரவு வரைக்கும்.
தரைத் தளம், ஜெலுத்தோங்.
தலைக்கு மேல் மின்விசிறி.
படுக்க முடியாமல் உட்கார்ந்தபடி
மூச்சைக் கையால் எட்டிப் பிடிக்கப் பார்த்தார்.

முன்னாள் லாரி ஓட்டுநர். வயது நாற்பத்து மூன்று.
வாரத்துக்கு மூன்று நாள் நான்தான் ஊசி குத்துகிறேன்.
நேற்றுக் குழாயை ஒட்டிக்கொண்டே
பயணக் குறிப்பைப் படித்துக் காட்டினேன்:
மேலே போனதும் நாளுக்கு நாலு லிட்டர் தண்ணீர்,
தாகம் இல்லாவிட்டாலும்.
"நாலு லிட்டரா மிஸ்ஸி?
எனக்கு எட்டு நாள் கணக்கு அது."
சிரித்தார். நான் பிளாஸ்திரியைத் தேவைக்கு மேல்
நீளமாக வெட்டிவிட்டேன்.
மாலை முழுக்க ஒரே ஒரு ஐஸ் கட்டியை
நாக்குக்கு அடியில் வைத்துக்
கரையாமல் பார்த்துக்கொள்கிறவர் அவர்.

நாலு மணி நேரம் கழித்து எடை மேடையில் ஏறினார்.
மூன்று கிலோ குறைந்திருந்தது,
அத்தனையும் தண்ணீர்,
இரண்டு நாளாய் உள்ளே சுமந்தது.
"உங்க பையையும் வைங்க, பாப்போம்."
ஏழரை.
"ரெண்டரை நான்" என்றார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து
நாற்பத்தொரு ரிங்கிட் முப்பது சென்.
எண்ணியே கொண்டு வந்திருந்தார்.
மீட்டருக்கு ஒரு சென்.
"பாதி வழியில திரும்பிட்டா
மீதியத் திருப்பித் தரணும், சொல்லிட்டேன்."
ரசீதில் அதையும் எழுதச் சொன்னார்.
எழுதினேன்.

இன்று அரிசியை டின்னில் கொட்டிவிட்டு
பையில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கினேன்.
இதை யாரும் சமைத்துவிட மாட்டார்கள்.
படிக்குப் படி முதுகில் குலுங்குகிறது.
ஒன்பதாம் மாடியில் யார் வீட்டிலோ சாம்பிராணி,
பத்தில் நெத்திலி வறுக்கும் வாசனை.
பதினொன்றில் தாகம்.

உட்கார்ந்தேன்.
மூடியைத் திருகிக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.
பிறகு குடித்தேன், அரை லிட்டர், ஒரே மூச்சில்.
அவருக்கு ஒரு நாள்.

பை கொஞ்சம் இளைத்துவிட்டது.
மேலே இன்னும் ஆறு மாடி.